பொறியில் சிக்கியதும் காட்டில் இருப்பதும்

களக்காடு மலையில் ஒரே மழைக்காட்டுச் சரிவில், ஒரே வாரத்தில் மூன்று குழுக்கள் வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். முதல் குழு தரையில் அலுமினியப் பொறிகளை வரிசையாக வைக்கிறது. இரண்டாவது குழு மண்ணில் வாளிகளை விளிம்புவரை புதைக்கிறது. மூன்றாவது குழு அடிமரங்களில் தானியங்கி கேமராக்களைக் கட்டுகிறது. வார முடிவில் முதல் குழுவின் குறிப்பேட்டில் பெரும்பாலும் எலிகளே இருக்கும். இரண்டாவது குழுவிடம் மூஞ்சூறுகளும் சுண்டெலிகளும் இருக்கும். மூன்றாவது குழுவிடம் மரநாய், சருகுமான், முள்ளம்பன்றி ஆகியவற்றின் படங்கள் இருக்கும். மூவரும் உண்மையைத்தான் எழுதியிருப்பார்கள். ஆனாலும் மூன்று அறிக்கைகளையும் சென்னையில் உட்கார்ந்து படிக்கும் அதிகாரி, மூன்று வெவ்வேறு காடுகளைப் பற்றிப் படிப்பதாகவே நினைப்பார்.

காட்டுச் சிறு பாலூட்டிகளை யாரும் முழுமையாக எண்ணியதில்லை, எண்ணவும் முடியாது. நம் கைக்கு வருவது, உண்மையில் இருக்கும் தொகையை அவை நம்மிடம் சிக்கும் வாய்ப்பால் பெருக்கினால் கிடைக்கும் எண். ஓர் இடத்தில் 100 எலிகள் இருந்து, ஒவ்வொன்றும் சிக்கும் வாய்ப்பு 0.2 என்றால் சுமார் 20 சிக்கும். 40 எலிகளே இருந்து, சிக்கும் வாய்ப்பு 0.5 என்றாலும் அதே 20 தான். குறிப்பேட்டில் உள்ள 20-ஐ மட்டும் பார்த்து இவ்விரண்டில் எது நடந்தது என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. அதனால் இந்த அத்தியாயம் விலங்குகளைப் பற்றியது என்பதைவிட அந்த வாய்ப்பைப் பற்றியது என்றே சொல்லலாம்: எது அதைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது, களத்தில் அதை எப்படி அளப்பது.

இது ஏட்டளவில் நிற்கும் சிக்கல் அல்ல. இந்தியாவில் புலிகளைப் பல ஆண்டுகள் காலடித் தடங்களை வைத்து எண்ணினார்கள். 2001–02 கணக்குப்படி நாட்டில் 3,642 புலிகள். கேமராப் படங்களும் புள்ளியியல் மாதிரிகளும் கொண்ட புதிய முறைக்கு மாறிய பிறகு, 2006 கணக்கில் 1,411. இடைப்பட்ட காலத்தில் சரிஸ்காவில் புலிகள் அடியோடு அழிந்ததும், வேட்டை நடந்ததும் உண்மை. இருந்தாலும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, நான்கு ஆண்டுகளில் இத்தனை புலிகள் போய்விட்டன என்று சொல்ல வழியில்லை. இரண்டு எண்களும் இரண்டு முறைகளில் பிறந்தவை. உடம்பிலேயே அடையாள வரிகளைச் சுமந்து திரியும் பெரிய விலங்குக்கே இந்த நிலை என்றால், உள்ளங்கையில் அடங்கும், ஒன்றுபோலவே தோன்றும் எலிக்கு நாம் எவ்வளவு கவனமாக இருக்கவேண்டும்!

பொறியும் இரையும்

உலகம் முழுவதும் எலி ஆய்வில் அதிகம் புழங்குவது ஷெர்மன் பொறி. மடக்கி எடுத்துப்போகக்கூடிய அலுமினியப் பெட்டி. வழக்கமான அளவு சுமார் 23 சென்டிமீட்டர் நீளம். உள்ளே உள்ள மிதிதகட்டில் விலங்கு கால் வைத்ததும் கதவு மூடிக்கொள்ளும். சுண்டெலிக்கும் நடுத்தர எலிக்கும் நல்ல பொறி. பெருச்சாளி இதற்குள் அடங்காது. நீளமான வால் கொண்ட எலி உள்ளே போனால் சில வேளை கதவு வாலில் முட்டி நின்றுவிடும், விலங்கு பின்வாங்கி ஓடிவிடும். கம்பிவலைக் கூண்டு பெரிய எலிக்கு ஏற்றது. ஆனால் கண்ணி அகலமாக இருந்தால் சுண்டெலி உள்ளே வந்து இரையைத் தின்றுவிட்டு இன்னொரு பக்கம் வெளியேறும். ஆகவே கூண்டு மட்டும் வைத்தவர் 'இங்கே சுண்டெலி இல்லை' என்றும், ஷெர்மன் மட்டும் வைத்தவர் 'இங்கே பெருச்சாளி இல்லை' என்றும் எழுதுவார்கள்.

மிதிதகட்டின் இறுக்கத்தை வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு பொறியிலும் சரிபார்த்தாக வேண்டும். சில கிராம் எடையே உள்ள மூஞ்சூறு, இறுக்கமான தகட்டின் மேல் நடந்து போனாலும் கதவு அசையாது. நூறு பொறிகளில் நாற்பது இறுக்கமாக இருந்தால், சிறிய இனங்களுக்கு உங்களிடம் இருப்பவை அறுபது பொறிகள்தான். பெரிய இனங்களுக்கு நூறும் உண்டு. ஒரே வரிசை, ஆனால் இனத்துக்கு இனம் வேறு வேறு உழைப்பு! ஓர் எடைக்கல்லையோ, அளந்து கட்டிய சிறு மணல் பொட்டலத்தையோ வைத்து எல்லாப் பொறிகளையும் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இரை விஷயத்தில் நம் வீடுகளில் எல்லோருக்கும் அனுபவம் உண்டு. மசால்வடைக்கு வரும் எலி வேறு, கருவாட்டுக்கு வருவது வேறு. காட்டிலும் அப்படியே. வறுத்த நிலக்கடலையை அரைத்துத் தானிய மாவோடு பிசைந்து வைத்தால் விதை தின்னும் எலிகள் வரும். மூஞ்சூறு பூச்சி தின்னும் விலங்கு. அது கடலையைத் தேடி வருவது குறைவு, கருவாட்டுத் துண்டு அதற்குப் பொருந்தும். மழைக்காட்டில் இன்னொரு தொல்லை எறும்பு. மாலையில் வைத்த இரையை இருட்டுவதற்குள் எறும்பு தூக்கிப் போய்விட்டால் அந்தப் பொறி இரவு முழுவதும் வெறும் பெட்டி. போதாக்குறைக்கு உள்ளே சிக்கிய விலங்கையும் எறும்பு கடித்துக் கொல்லும். இரை எதுவாக இருந்தாலும், ஓர் ஆண்டு கடலையும் மறு ஆண்டு தேங்காய்ச்சில்லும் வைத்துவிட்டு இரண்டு ஆண்டுகளையும் ஒப்பிடாதீர்கள்.

சிக்கிய விலங்கு உயிரோடு திரும்பிப் போகவேண்டும். அது அறத்துக்காக மட்டும் அல்ல, கணக்குக்காகவும். பொறியில் செத்த விலங்கு மறுநாள் மீண்டும் சிக்காது. மூஞ்சூறு சில மணி நேரம் உணவில்லாமல் இருந்தாலே செத்துப்போகும். அது வரும் இடங்களில் விடியும்வரை காத்திராமல் இரவிலும் பொறிகளைப் பார்த்துவரவேண்டும். உறைபனி விழும் நீலகிரி மேட்டில் அலுமினியப் பெட்டி ஓர் இரவுக்குள் சுண்டெலியின் உயிரைக் குடித்துவிடும். பஞ்சோ காய்ந்த புல்லோ உள்ளே வையுங்கள். 1949-ல் ஆக்ஸ்ஃபோர்டில் சிட்டியும் கெம்ப்சனும் அறிமுகப்படுத்திய லாங்வொர்த் பொறியில் படுக்கைக்கென்றே தனி அறை உண்டு. குளிர்நாட்டு ஆய்வாளர்கள் அதைக் கைவிடாததற்கு அது முக்கியக் காரணம்.

தரையில் மட்டும் பொறி வைப்பது, பலர் கவனிக்காத ஓட்டை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே காணப்படும் மலபார் ஸ்பைனி டார்மவுஸ் என்ற எலி மரப்பொந்துகளில் குடியிருந்து கிளைகளில் நடமாடுவது. தரையில் ஒரு மாதம் பொறி வைத்து 'அரிது' என்று எழுதினால், அது அந்த விலங்கைப் பற்றிய செய்தி அல்ல, பொறியின் உயரத்தைப் பற்றிய செய்தி. கொடிகளும் சாய்ந்த கிளைகளும் உள்ள இடத்தில், எட்டும் உயரத்தில் மரத்தோடு பொறிகளைக் கட்டி, தரைப் பொறிகளின் கணக்கோடு கலக்காமல் தனியே எழுதுங்கள். வாளிப் பொறியையும் அப்படியே தனிக் கணக்காக வையுங்கள். மூஞ்சூறுகளுக்கு அதைப்போல் வேறொன்று இல்லை. ஆனால் அடியில் துளையிடாத வாளி ஒரு மழையில் கிணறாகிவிடும். வேலை முடிந்த அன்றே வாளிகளை மூடிவிடுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள்.

இனி உழைப்பைக் கணக்கிடுவது. நூறு பொறிகளை ஐந்து இரவு வைத்தால் 500 பொறி-இரவு என்று எழுதுவது வழக்கம். இதில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. ஒரு பொறியில் ஒரு விலங்கு புகுந்த நொடியிலிருந்து அந்தப் பொறி மற்ற விலங்குகளுக்கு இல்லை. பந்தியில் எல்லா இலையும் நிறைந்துவிட்டால், வாசலில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று இலைகளை எண்ணிச் சொல்ல முடியாதல்லவா? எலிகள் இரட்டிப்பானாலும் பொறியில் சிக்குவது இரட்டிப்பாகாது. முன்னிரவிலேயே புகும் துணிச்சலான பொது இனம் பொறிகளை நிரப்பிவிட்டால், பிந்தி வரும் அரிய இனம் இருப்பதைவிட அரிதாகத் தோன்றும்.

இதற்கு எளிய திருத்தம் உண்டு. மூடிக்கிடந்த பொறி ஒவ்வொன்றுக்கும், அதில் விலங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரை இரவைக் கழித்துவிடுங்கள். நூறு பொறிகளில் காலையில் 30-ல் எலி, 20 காலியாக மூடிக்கிடக்கின்றன என்றால், உண்மையான உழைப்பு 100 இல்லை, 75. நூறு பொறி-இரவுக்கு 30 என்று எழுதியிருக்கக்கூடிய இடத்தில் 40 வரும். இந்தத் திருத்தத்துக்குத் தேவையான ஒரே தகவல், காலியாக மூடிக்கிடந்தவற்றின் எண்ணிக்கை. பெரும்பாலான பழைய குறிப்பேடுகளில் இல்லாததும் அதுதான்.

எலிகள் பலவும் புதிய பொருளைக் கண்டால் முதலில் ஒதுங்கும். முதல் இரவில் எதுவும் சிக்காததால் 'இங்கே எலி இல்லை' என்று பொறிகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடக்கூடாது. கதவு மூடாதபடி பூட்டி, இரையை மட்டும் வைத்து இரண்டு மூன்று இரவுகள் பழக்கிய பிறகு வேலையைத் தொடங்குவது நல்லது. முழுநிலவு இரவில் எலி இனங்கள் பல வெட்டவெளிக்கு வரத் தயங்கும். அமாவாசையை ஒட்டி ஒரு முறையும் பௌர்ணமியை ஒட்டி ஒரு முறையும் பொறி வைத்து, குறைந்துவிட்டது என்று கவலைப்பட்டால், கவலைக்குக் காரணம் நிலவாக இருக்கலாம்.

குறியிட்டு விடுதல்

சிக்கும் வாய்ப்பை அளக்கும் மிகப் பழைய வழி இது. டென்மார்க்கின் பீட்டர்சன் 1896-ல் மீன்களுக்காக எழுதியதும், அமெரிக்காவின் லிங்கன் 1930-ல் காட்டு வாத்துகளுக்காகப் பயன்படுத்தியதும் ஒரே தர்க்கம். முதல் முறை பிடித்தவற்றைக் குறியிட்டு விடுகிறோம். இரண்டாம் முறை பிடிக்கும்போது குறியுள்ளவை எவ்வளவு பங்கு இருக்கின்றனவோ, மொத்தத் தொகையிலும் அதே பங்குதான் குறியோடு இருக்கும் என்று கொள்கிறோம்.

கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். முதல் இரவு 24 எலிகளைக் குறியிட்டு விட்டோம். பிறகு பிடித்த 20-ல் 8 குறியுள்ளவை. 24-ஐ 20-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 60. சிறிய எண்ணிக்கைகளில் இந்தச் சூத்திரம் சற்று மிகையாகச் சொல்லும் என்பதால், சாப்மன் 1951-ல் தந்த திருத்தப்படி 25-ஐ 21-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்தால் சுமார் 57. இந்தத் திருத்தத்தையே எப்போதும் பயன்படுத்துங்கள்.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றுவோம். ஒருமுறை பொறிக்குள் போய் வயிறார நிலக்கடலை தின்ற எலி, அடுத்த இரவு அதே பொறியைத் தேடி வருகிறது. 20-ல் 8-க்குப் பதிலாக 12 குறியுள்ளவை. மதிப்பீடு 40 ஆகிவிடும். மாறாக, பிடிபட்டு, பைக்குள் தலைகீழாகத் தொங்கி, காதில் தகடு குத்தப்பட்ட எலி பொறியைக் கண்டாலே விலகிப்போகிறது. 20-ல் 4 மட்டுமே குறியுள்ளவை. மதிப்பீடு 120. காட்டில் ஓர் எலிகூடக் கூடவோ குறையவோ இல்லை. 40-க்கும் 120-க்கும் இடையே உள்ள மூன்று மடங்கு வேறுபாடு முழுவதும் எலியின் மனதில் நடந்தது.

இதனால்தான் இரண்டே இரவு பொறி வைத்துச் சூத்திரத்தில் எண்களைப் போடுவதை நான் ஏற்பதில்லை. குறைந்தது ஐந்து இரவு வேண்டும். அப்போதுதான் சிக்கும் வாய்ப்பு இரவுக்கு இரவு மாறுகிறதா, ஒருமுறை சிக்கியபின் மாறுகிறதா, விலங்குக்கு விலங்கு மாறுகிறதா என்று தரவுகளே சொல்லும். 1978-ல் ஓடிஸும் உடன் ஆய்வாளர்களும் இந்த மூன்று வகை மாற்றங்களையும் தனித்தனி மாதிரிகளாகப் பிரித்து வைத்தார்கள்; இன்றைய கணினி நிரல்கள் அந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவை. அதே சமயம் இரவுகளை நீட்டிக்கொண்டே போவதும் ஆபத்து. மூன்று வாரம் பொறி வைத்தால் அதற்குள் குட்டிகள் வெளிவரும், சில சாகும், சில இடம்பெயரும். பிறப்பும் இறப்பும் வரவும் போக்கும் இல்லை என்று நம்பியே இந்தக் கணக்கைப் போடுகிறோம்.

குறி உதிர்ந்துபோவதும் கணக்கைக் கெடுக்கும். காதுத் தகடு கிழிந்து விழுந்த எலி மீண்டும் சிக்கினால், அது புது எலியாகக் கணக்கில் ஏறும், மதிப்பீடு உயரும். காதுத் தகட்டோடு முதுகுமுடியில் ஒரு சிறு கத்தரிப்பும் சேர்த்து வைத்தால் எத்தனை தகடுகள் விழுந்தன என்பதையும் அளந்துவிடலாம்.

எத்தனை ஹெக்டேருக்கு?

குறியிட்டு விடுதல் தருவது ஒரு தொகை. காட்டை ஒப்பிடுவதற்கு வேண்டியது அடர்த்தி. தொகையைப் பரப்பளவால் வகுக்கவேண்டும். எந்தப் பரப்பளவு என்பதில்தான் கணக்கெடுப்புகளில் பெரும்பாலானவை தடுக்கி விழுகின்றன.

பத்து வரிசை, வரிசைக்குப் பத்துப் பொறி, பத்து மீட்டர் இடைவெளி. வெளிப்பொறிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தால் 90 மீட்டர் சதுரம், அதாவது 0.81 ஹெக்டேர். மதிப்பீடு 30 எலிகள் என்றால் ஹெக்டேருக்கு 37. ஆனால் ஓரப் பொறிகளில் சிக்கிய எலிகள் அந்தச் சதுரத்துக்குள் மட்டும் வாழ்பவை அல்ல. வெளியே வளை வைத்திருந்து, இரை மணத்துக்கு உள்ளே எட்டிப்பார்த்தவையும் உண்டு. ஆகவே சுற்றிலும் 15 மீட்டர் பட்டை சேர்த்தால் பரப்பு 1.42 ஹெக்டேர், அடர்த்தி 21. பட்டையை 30 மீட்டராக்கினால் பரப்பு 2.17 ஹெக்டேர், அடர்த்தி 14. எலிகள் அதே முப்பதுதான்.

பட்டையின் அகலத்தை எலியின் நடமாட்ட எல்லையில் பாதியாகவோ, மீண்டும் மீண்டும் சிக்கியவை இரு பொறிகளுக்கிடையே நகர்ந்த அதிகபட்சத் தூரத்தின் சராசரியில் பாதியாகவோ எடுப்பது நெடுநாள் வழக்கம். பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது எந்த அகலம் எடுத்தார்கள் என்று முதலில் தேடுங்கள். புதிதாக வேலை தொடங்குபவருக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த மரே எஃபர்ட் 2004-ல் முன்வைத்து, பின்னர் மற்றவர்களோடு சேர்ந்து வளர்த்த இடம்சார் மறுபிடிப்பு முறையில், ஒவ்வொரு விலங்கும் எந்தெந்தப் பொறியில் சிக்கியது என்ற தகவலிலிருந்தே அதன் நடமாட்ட மையம் கணிக்கப்படுகிறது. பட்டையை நாமாக ஊகிக்கவேண்டியதில்லை. ஆர் மென்பொருளில் இதற்கான தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. களத்தில் இதற்காகக் கூடுதலாகச் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. எலியின் எண்ணோடு பொறியின் எண்ணையும் எழுதுவது. அட்டைக்கடிக்கும் மழைக்கும் நடுவில், விடியற்காலையில், ஐம்பதாவது பொறியைத் திறக்கும்போது இதைத்தான் முதலில் விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள்.

கூட்டை எண்ணுதல்

எல்லா விலங்கையும் பிடிக்கமுடியாது, பிடிக்கவும் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988-ல் சரணாலயம் அமைக்கப்பட்டது சாம்பல் நிற அணிலுக்காக. இன்று அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. ஓடைக்கரை மரங்களின் உச்சியில், கிளைகள் பின்னிக்கிடக்கும் இடத்தில், இலையும் குச்சியும் கொண்டு இந்த அணில் கட்டும் கூடு கீழிருந்தே தெரியும். அதனால் கூட்டை எண்ணி அணிலைக் கணிப்பது எளிது என்று தோன்றும்.

ஆனால் ஓர் அணில் ஒரே கூட்டோடு நிற்பதில்லை, பலவற்றைக் கட்டிவைக்கும். அணில் கைவிட்ட கூடும் உடனே உதிர்ந்து விழுவதில்லை. ஒரு பள்ளத்தாக்கில் 120 கூடுகளை எண்ணினீர்கள் என்று வைப்போம். அணிலுக்கு மூன்று கூடு என்றால் 40 அணில். ஐந்து என்றால் 24. அந்த 120-ல் கால்பங்கு பழையது என்றால் இரண்டு எண்களும் இன்னும் இறங்கி, 30-ம் 18-ம் ஆகும். அணிலுக்கு எத்தனை கூடு என்ற விகிதத்தை வேறொரு காட்டிலிருந்து கடன்வாங்கினால் மதிப்பீட்டையே கடன்வாங்கியதாகிவிடும். உங்கள் காட்டில், உங்கள் பருவத்தில், சில அணில்களையாவது விடியலிலும் அந்தியிலும் தொடர்ந்து கவனித்து அந்த விகிதத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். பசுங்கூடு, காய்ந்த கூடு, சிதைந்த கூடு என்று பிரித்து எழுதுங்கள். இலையுதிர்ந்த மாதத்தில் தெரியும் கூடு தழைத்த மாதத்தில் தெரியாது என்பதால் மாதத்தை மாற்றாதீர்கள்.

இரவில் தேவாங்கு

கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தைத் தமிழ்நாடு அரசு 2022-ல் அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம். இனி அங்கே தேவாங்கு கூடுகிறதா, குறைகிறதா என்று ஆண்டுதோறும் கேட்பார்கள். எண்ணும் முறையைத் தொடக்கத்திலேயே சரியாக வைத்துக்கொண்டால் இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும். அதனால் இந்தப் பகுதியைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

வழக்கமான முறை, நெற்றிவிளக்கோடு இரவில் மெதுவாக நடந்து, விளக்கொளியில் மின்னும் கண்களை எண்ணி, கிலோமீட்டருக்கு இத்தனை என்று எழுதுவது. சிவப்புத் தாளோ சிவப்பு வடிகட்டியோ போட்ட விளக்கு தேவாங்கைக் குறைவாகவே தொந்தரவு செய்யும். இந்த எண் எவ்வளவு ஆட்டத்துக்கு உட்பட்டது என்று பாருங்கள். விளக்கின் வெளிச்சம் கூடினால் எண் கூடும். மணிக்கு ஒரு கிலோமீட்டர் நடப்பவருக்குத் தெரிவது மூன்று கிலோமீட்டர் நடப்பவருக்குத் தெரியாது. தேவாங்கு நம் பக்கம் திரும்பினால்தான் கண் மின்னும். முதுகைக் காட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் பத்தடியில் இருந்தாலும் தெரியாது. கரடான முட்புதர்க் காட்டில் மரங்கள் குட்டை, கிளைகள் கண்ணுக்கு நேரே. மழைக்காட்டில் இலைக்கூரை தலைக்கு மேல் இருபது முப்பது மீட்டரில். திண்டுக்கல் புதர்க்காட்டில் கிலோமீட்டருக்குப் பலவும், ஆனைமலை மழைக்காட்டில் ஒன்றுக்கும் குறைவாகவும் தெரிந்தால், அந்த வேறுபாட்டில் எவ்வளவு தேவாங்கால் வந்தது, எவ்வளவு இலையால் வந்தது என்பதைப் பிரிக்காமல் எதையும் சொல்லக்கூடாது.

பிரிப்பதற்கு வழி, தேவாங்கு தெரிந்த ஒவ்வொரு முறையும் நடைகோட்டிலிருந்து அது இருந்த செங்குத்துத் தூரத்தை அளப்பது. தூரம் கூடக்கூடத் தென்படுபவை எப்படிக் குறைகின்றன என்பதிலிருந்து, நாம் உண்மையில் எவ்வளவு அகலத்தைப் பார்த்தோம் என்று கணிக்கலாம். மீண்டும் ஒரு கற்பனைக் கணக்கு: 20 கிலோமீட்டர் நடையில் 16 தேவாங்குகள். இருபுறமும் 20 மீட்டர்வரை எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்று நம்பினால் பரப்பு 0.8 சதுர கிலோமீட்டர், அடர்த்தி 20. தூரங்களை அளந்து பார்த்ததில் பயனுள்ள அகலம் பக்கத்துக்கு 10 மீட்டர்தான் என்று தெரிந்தால் அடர்த்தி 40. இந்தக் கணிப்பு நிலைபெற 60 முதல் 80 தடவையாவது விலங்கைக் கண்டிருக்கவேண்டும் என்பது இந்தத் துறையின் பொதுவான அறிவுரை. பதினாறை வைத்து அகலத்தைக் கணிக்காதீர்கள். ஒரே பருவத்தில் அதே கோடுகளில் மீண்டும் நடந்து எண்ணிக்கையைச் சேருங்கள், நடந்த தூரத்தையும் அதோடு சேர்த்துக் கூட்டுங்கள்.

இந்த முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. கோட்டுக்கு நேர்மேலே இருப்பது தவறாமல் தெரியும் என்று அது நம்புகிறது. உயரமான மரத்தில், இலைக்குப் பின்னால் இருக்கும் இரவு விலங்குக்கு அந்த நம்பிக்கை செல்லாது. மதிப்பீடு உண்மையைவிடக் குறைவாகவே வரும். இருவர் சில நிமிட இடைவெளியில், ஒருவருக்கொருவர் சைகை காட்டாமல், ஒரே கோட்டில் தனித்தனியே நடந்து, முதலாமவர் கண்டதில் எத்தனையை இரண்டாமவர் கண்டார் என்று பார்த்தால் தவறவிட்டதன் அளவு ஓரளவு பிடிபடும். குறியிட்டு விடுதலின் அதே தர்க்கம்தான் இங்கே கண்களால் நடக்கிறது.

கேமராப் படங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். புலிக்காக வைத்த கேமராவில் விழுந்த சருகுமான் படங்களை எண்ணிச் சருகுமானின் நிலவரம் எழுதும் பழக்கம் பரவிவருகிறது. புலிக் கேமரா பாதையோரத்தில், புலியின் விலாவைப் பார்த்துக் கட்டப்படுகிறது. சருகுமான் பாதையை விட்டு உள்ளே, புதருக்கடியில் நடமாடுவது. சிறு விலங்குக்குக் கேமரா முழங்காலுக்குக் கீழே, பாதையை விட்டு விலகி இருக்கவேண்டும். வெப்ப வேறுபாட்டை உணர்ந்துதான் கேமரா விழிக்கிறது. கோடையில் சுற்றுப்புறமே உடல் வெப்பத்தை நெருங்கும்போது சிறிய உடலை அது தவறவிடும். அரைமணிக்குள் விழுந்த படங்களை ஒன்றாகக் கொள்வது வழக்கமான விதி, ஆனால் அப்படிச் சுருக்கிய பிறகும் படத்தின் எண்ணிக்கை விலங்கின் எண்ணிக்கை அல்ல. ஒரு மரநாய் அதிகம் நடந்தால் படம் அதிகம் விழும். நடைவேகத்தையும் கேமராவின் பார்வைப் பரப்பையும் கணக்கில் சேர்த்து அடர்த்தி காண 2008-ல் ரோகிளிஃபும் உடன் ஆய்வாளர்களும் ஒரு வழி காட்டினார்கள். அதற்குரிய அளவுகள் உங்களிடம் இல்லையென்றால், விலங்கு எத்தனை இடங்களில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே இடத்தைப் பல இரவு பார்ப்பதால் தவறவிடும் வாய்ப்பையும் அதில் சேர்த்துக் கணக்கிடலாம். அது சின்ன விடைதான், ஆனால் தாங்கி நிற்கும் விடை.

இடமும் பழைய கணக்கும்

எந்த முறையானாலும், ஜீப் பாதைக்கும் வேட்டைத் தடுப்பு முகாமுக்கும் அருகில் மட்டும் வேலை செய்தால் காட்டை அல்ல, காட்டின் ஓரத்தை எண்ணுகிறீர்கள். முகாமைச் சுற்றிச் சிந்தும் அரிசியும் பருப்பும் எலிகளைக் கூட்டும். 'இங்கேதான் எலி நிறைய' என்று வேட்டைத் தடுப்புக் காவலர் காட்டும் இடம் விலங்கைக் காண உதவும், அடர்த்தி காண உதவாது. வரைபடத்தில் கட்டங்கள் போட்டு, சீட்டுக் குலுக்கிக் கட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். சரிவும் நீரோடையும் தடுத்தால் எந்தக் கட்டத்தை ஏன் விட்டீர்கள் என்று எழுதுங்கள்.

முறையை மாற்றவேண்டிய நாள் ஒரு கட்டத்தில் வரும். புதிய கருவி வரும், நல்ல கணக்கு வரும். மாற்றுவதில் தவறில்லை. ஆனால் பழையதை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். குறைந்தது ஒரு முழுப் பருவமாவது இரண்டு முறைகளையும் அதே கட்டங்களில், அதே வாரங்களில் சேர்த்து நடத்துங்கள். பழைய முறை 12 என்று சொல்லும் இடத்தில் புதிய முறை 30 என்று சொன்னால், அந்த விகிதம் கட்டத்துக்குக் கட்டம் நிலையாக இருக்கிறதா என்று பாருங்கள். நிலையாக இருந்தால் பழைய ஆண்டுகளின் எண்களையும் எச்சரிக்கையோடு பயன்படுத்தலாம். புதர்க்காட்டில் ஒரு விகிதமும் சோலையில் இன்னொரு விகிதமும் வந்தால் பழைய எண்களை வாழிடத்துக்கு வாழிடம் ஒப்பிட வேண்டாம்; ஒரே வாழிடத்துக்குள் ஆண்டுக்கு ஆண்டு மட்டும் ஒப்பிடுங்கள்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் மதிப்பீட்டுக்குப் பக்கத்திலேயே அதன் கீழ் எல்லையும் மேல் எல்லையும் வரட்டும். பொறியின் வகை, அளவு, எண்ணிக்கை, இடைவெளி, தரையிலா மரத்திலா, இரை, பழக்கிய இரவுகள், பிடித்த இரவுகள், காலியாக மூடிக்கிடந்தவை, நிலவு, மழை, நடந்தவரின் வேகம், விளக்கின் வகை ஆகியவை பின்னிணைப்புக்குப் போகாமல் அதே பக்கத்தில் இருக்கட்டும். பொறி வாரியாக, இரவு வாரியாக எழுதிய மூலக் குறிப்பேட்டின் ஒரு நகல் வனச்சரக அலுவலகத்தில் இருக்கவேண்டும். ஒன்றும் சிக்காத இரவுகளின் பக்கங்களும் அதில் சேர்ந்தே இருக்கவேண்டும். காட்டில் பொறி வைப்பதற்கும் இரவில் நடப்பதற்கும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி முன்கூட்டியே வேண்டும். விண்ணப்பிக்கும் முறையும், பிடித்த விலங்கைக் கையாள்வதும், எலியிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்களிலிருந்து காத்துக்கொள்வதும் அடுத்த அத்தியாயத்தில்.